டயருக்கு முன்னாடி ரோடு: டி.வி. சுந்தரம் அய்யங்கார்

எங்க மாமா ஒரு லோடு வண்டி வச்சிருக்கார். ஊர் திருவையாறு பக்கம். அறுவடை நேரத்துல களத்துமேட்டுல இருந்து நெல் மூட்டையை ஏத்திக்கிட்டு கொள்முதல் நிலையத்துக்கு ஓடணும். மத்த நாள்ல தஞ்சாவூர், கந்தர்வக்கோட்டை, புதுக்கோட்டைனு எந்த லோடு கிடைக்குதோ அந்தப் பக்கம் போவார். போன லீவுல என்னைப் பிடிச்சு உட்கார வச்சு, மாப்ள மெக்கானிக்கல்தானே படிக்கிறே, எந்த டயர் போடலாம்னு சொல்லுனு கேட்டார். கடைக்காரர் ஆல்-டெர்ரெய்ன் போடச் சொல்லியிருக்கார். நாலு டயருக்கும் சேர்த்து ஆகுற தொகை, ஒரு சம்பா சீசன்ல மாமா கையில மிஞ்சுற காசுக்குக் கிட்டத்தட்ட சமம்.

நான் ட்ரெட் பேட்டர்ன், லோடு இண்டெக்ஸ், பிளை ரேட்டிங்னு அரை மணி நேரம் பேசினேன். மாமா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வண்டி ஓடுற ரோட்டை நீ பார்த்தியா? நான் பார்க்கல. அதுக்கப்புறம்தான் இதே தஞ்சாவூர்–புதுக்கோட்டை ரோட்டுல நூறு வருஷத்துக்கு முன்னாடி பஸ் விட்ட ஒருத்தரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். டி.வி.எஸ்னு மூணு எழுத்தை நாம தினமும் பார்க்கிறோம். பைக்ல இருக்கு, டயர்ல இருக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாவுல இருக்கு. அந்த மூணு எழுத்துக்குள்ள இருக்கிற மனுஷர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வக்கீல், ரயில்வே, பேங்க்

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் அய்யங்கார் 1877 மார்ச் 22ஆம் தேதி பிறந்தார். திருக்குறுங்குடி திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில் இருக்கும் பழைய வைணவத் தலம். அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பையன் போக வேண்டிய வழி ஏற்கனவே போட்டு வைத்த தண்டவாளம் மாதிரி இருந்தது. ஒன்று வக்கீல் ஆகணும், இல்லைன்னா சர்க்கார் உத்தியோகம். அவரும் வக்கீலாகத்தான் ஆரம்பித்தார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதற்கப்புறம் ஒரு பேங்க்கில். எல்லாமே மாசச் சம்பளமும் மரியாதையும் உள்ள இடங்கள். எதிலும் அவர் தங்கவில்லை.

முப்பது வயதைத் தாண்டி, மனைவி லட்சுமி, குழந்தைகள் என்று குடும்பம் வளர்ந்துவிட்ட நிலையில், 1911இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். கம்பெனி பெயர் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ். தேர்ந்தெடுத்த தொழில் மோட்டார் போக்குவரத்து. அன்றைக்கு இந்த ஊர்ப் பக்கம் மோட்டார் வண்டி என்றாலே ஜமீன்தார், கலெக்டர் சமாசாரம். பொதுஜனம் போவது மாட்டு வண்டியிலும் குதிரை ஜட்காவிலும்தான். கேம்பஸ் பிளேஸ்மென்ட்ல கிடைச்ச வேலையை விட்டுட்டு, ஊர்ல யாருமே பார்க்காத ஒரு மெஷினை நம்பி குடும்பத்தோட இறங்குறதா யோசிச்சுப் பாருங்க. ரிஸ்க் அந்த அளவு.

தஞ்சாவூர் – புதுக்கோட்டை

1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே அவருடைய பஸ் ஓடியது. தென்னிந்திய மோட்டார் போக்குவரத்துக் கதையின் ஆரம்பப் பக்கங்களில் வரும் ரூட் இது. ஏன் இந்த ரூட் என்று மேப்பை எடுத்துப் பார்த்தால் புரியும். தஞ்சாவூருக்கு ரயில் 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் இருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சி வரைக்கும் லைன் போட்டிருந்தார்கள். புதுக்கோட்டையோ தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். அதற்கு ரயில் வந்தது 1929இல்தான். அதாவது ரயில் உள்ள ஒரு பெரிய ஊர், ரயில் இல்லாத ஒரு தலைநகரம், நடுவில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரயில்வேயில் வேலை பார்த்தவருக்கு ரயில் எங்கே நிற்கிறது என்பது தெரியும். அது நிற்கும் இடத்தில் பஸ் ஆரம்பித்தது.

ஆனால் அந்த 60 கிலோமீட்டரும் ஒரே மாதிரி தரை இல்லை. தஞ்சாவூர் காவிரி டெல்டாவின் விளிம்பில் இருக்கிறது. வடக்கேயும் கிழக்கேயும் போனால் வண்டல், களிமண், வாய்க்கால், வயல். தெற்கே திரும்பினால் நிலம் மேடாகி, செம்புறாங்கல்லும் சரளையும் ஆரம்பிக்கும். கந்தர்வக்கோட்டை தாண்டிப் போனவர்களுக்கு அந்தச் சிவப்புத் தெரியும். மழை பெய்தால் களிமண் ட்ரெட்டின் பள்ளங்களை எல்லாம் அடைத்துவிடும். அடைத்தபின் டயர் வழவழவென்று ஆகி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். சரளையில் வழுக்கும் பிரச்சினை குறைவு, ஆனால் கூர்மையான கல் ரப்பரைச் செதுக்கி எடுத்துவிடும். ஒரே பயணத்தில் இரண்டு எதிரிகள். இன்றைக்கு ஆல்-டெர்ரெய்ன் டயர் விளம்பரத்தில் காட்டுகிற வித்தை எல்லாம் இந்த ரூட்டில் 1912லேயே தேவைப்பட்டது.

அப்போது டயர் எப்படி இருந்தது? நாம் பார்க்கிற கருப்பு டயர் அல்ல. தேய்மானத்தைத் தாங்குவதற்காக ரப்பரில் கார்பன் பிளாக் கலக்கும் பழக்கம் அப்போதுதான் மேல்நாட்டில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த துணியும் நெய்த பருத்திக் கான்வாஸ். வண்டி ஓடும்போது குறுக்கு இழையும் நெடுக்கு இழையும் ஒன்றோடொன்று உரசிச் சூடாகி, உள்ளிருந்தே டயர் கிழியும். இழைகள் உரசாமல் அடுக்கடுக்காக வைக்கும் கார்டு டயர் பரவலானது அதற்குச் சில வருஷங்கள் கழித்துத்தான். இந்தியாவில் டயர் செய்வதும் அப்போது கிடையாது. டன்லப் கம்பெனி வங்காளத்தில் சாகஞ்சில் ஃபேக்டரி திறந்ததே 1936இல். அதுவரைக்கும் டயர் கப்பலில்தான் வரணும். சாய்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. வந்த டயரைப் போட்டு ஓட்டணும், கிழிந்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கணும்.

ஆணி

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். கல்லையும் களிமண்ணையும் விட அந்தக் காலத்து டயருக்குப் பெரிய எமன் ஆணி. மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடிப்பார்கள். லாடம் தேய்ந்து கழன்றால் ஆணி ரோட்டில் விழும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவில் இருந்தும் துண்டுகள் விழும். மாட்டு வண்டிக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. காற்றடைத்த டயரில் வரும் பஸ்ஸுக்கு ஒவ்வொரு ஆணியும் ஒரு பஞ்சர். நடுக்காட்டில் பஞ்சர் என்றால் பயணிகளை இறக்கி, டயரைக் கழற்றி, ட்யூபை ஒட்டி, கைப் பம்பில் காற்றடிக்கணும். அன்றைய டைம்டேபிள் அதோடு முடிந்தது.

இதற்கு சுந்தரம் அய்யங்கார் கண்டுபிடித்த வழி இன்றும் தென் தமிழ்நாட்டில் கதையாகச் சொல்லப்படுகிறது. வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் போகும் ரோட்டில் முன்னாடியே ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கி எடுக்க வைத்தாராம். ரோடு அவருடையது இல்லை. ஆணியைப் போட்டதும் அவருடைய வண்டி இல்லை. அந்த ரோட்டைச் சுத்தம் செய்ய அவருக்கு யாரும் காசு தரப்போவதும் இல்லை. ஆனாலும் செய்தார். காரணம் எளிமையான கணக்கு. டயரைப் பலமாக்குவது அவர் கையில் இல்லை, அது இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஃபேக்டரியின் வேலை. டயரில் குத்தப்போகிற பொருளை எடுத்துப் போடுவது அவரால் முடியும்.

நம்ம கிளாஸ்ல ஃபெயிலியர் அனாலிசிஸ்னு ஒரு பேப்பர் இருக்கு. பாகம் உடைஞ்சா முதல்ல பாகத்தோட மெட்டீரியலைப் பார்ப்போம். அது வேலை செஞ்ச சூழலைப் பார்க்கிறது கடைசிக் கேள்விக்கு எழுதுற ரெண்டு மார்க் பதில். அவர் அதைத் தலைகீழாகச் செய்தார்.

நேரம்

அந்தக் காலத்தில் வாடகை வண்டி என்றால் ஆள் நிறையும் வரைக்கும் நிற்கும். நிறைந்தபின் கிளம்பும். சுந்தரம் அய்யங்காரின் பஸ் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று மதுரைப் பக்கம் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். கேட்க அழகான கதை. ஆனால் பின்னால் இருக்கும் வேலையை யோசித்தால்தான் அதன் கனம் தெரியும். பஸ் நேரத்துக்குப் போகணும்னா பஞ்சர் ஆகக் கூடாது. பிரேக் ஃபெயில் ஆகக் கூடாது. கெட்டுப்போன பாகத்துக்கு மாற்றுப் பாகம் கையில் இருக்கணும். கழற்றி மாட்டத் தெரிந்த ஆள் டிப்போவில் இருக்கணும்.

அதனால் அவருடைய தொழில் பஸ்ஸோடு நிற்கவில்லை. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் உரிமை, ஒர்க்‌ஷாப், உதிரி பாகக் கடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். தள்ளி நின்று பார்த்தால் பெரிய வியாபார சாம்ராஜ்யம் மாதிரித் தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு பஸ் நேரத்துக்குக் கிளம்ப என்னென்ன தேவையோ அதன் லிஸ்ட்.

டயர் கிடைக்காத வருஷங்கள்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அதற்கு முன்பே மலேயா போயிருந்தது, அடுத்த சில வாரங்களில் இந்தோனேசியத் தீவுகளும் போயின. உலகத்துக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் பெரும்பகுதி அங்கேதான் விளைந்தது. பர்மாவும் அதே வருஷம் விழுந்தது. பர்மாவில் இருந்து வந்த பெட்ரோலும் நின்றது, அரிசியும் நின்றது. சென்னை மாகாணம் தஞ்சாவூர் நெல்லை இன்னும் அதிகமாக நம்பி இருக்க வேண்டிய நேரத்தில், லாரிக்கு எண்ணெய் இல்லை, டயர் இல்லை. இருந்த கொஞ்சமும் முதலில் ராணுவத்துக்கு.

அறுபது வயதைத் தாண்டியிருந்த சுந்தரம் அய்யங்கார் இரண்டு வேலை செய்தார். முதலாவது டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். வண்டியோடு இணைத்த ஒரு உலையில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதைக் குளிரவைத்து, தூசியை வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்பினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். சக்தி பெட்ரோல் அளவுக்கு வராது. ஏற்றத்தில் திணறும், கிளம்புவதற்கு முன்னாடி உலையை மூட்டிக் காத்திருக்கணும், சாம்பலை வாரணும். ஆனால் வண்டி ஓடும். அவர் வடிவமைத்துத் தயாரித்த அந்தக் கருவி பெட்ரோல் இல்லாத நாட்களில் பஸ்களை ரோட்டில் வைத்திருந்தது.

இரண்டாவது ரீட்ரெடிங். அந்த 1940களில் ரப்பரை மறுபடி ஏற்றும் ஃபேக்டரியை அவர் அமைத்தார். ஒரு லாரி டயர் தேய்ந்துபோச்சுன்னு சொல்றோமே, உண்மையில் தேய்வது ரோட்டைத் தொடும் மேல் ரப்பர் மட்டும்தான். கீழே இருக்கும் கேசிங், அதாவது இழைகளும் பீடு கம்பியும் சேர்ந்த உடம்பு, நல்லாவே இருக்கும். எடையிலும் விலையிலும் பெரும்பகுதி அந்த உடம்புதான். அதைச் சுரண்டிச் சமமாக்கி, சிமென்ட் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லும் ரப்பர் பசையைத் தடவி, பச்சை ரப்பரைச் சுற்றி, அச்சில் வைத்து ஏறத்தாழ 150 டிகிரி சூட்டில் வேகவைத்தால் கந்தகம் வேலை செய்து புது ட்ரெட் பழைய உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. கேசிங் கெட்டிருக்கக் கூடாது. காற்றுக் குறைவாக ஓட்டினாலோ, அளவுக்கு மீறி லோடு ஏற்றினாலோ, ஆணி குத்திய ஓட்டையைக் கவனிக்காமல் விட்டுத் தண்ணீர் உள்ளே போனாலோ கேசிங் செத்துவிடும். பிறகு எந்த ஃபேக்டரியாலும் காப்பாற்ற முடியாது. ரோட்டில் ஆணி பொறுக்கிய மனுஷர் ரீட்ரெடிங் ஃபேக்டரி வைத்தது தற்செயல் இல்லை. முதல் வேலை நடந்தால்தான் இரண்டாவது வேலைக்கு டயர் மிஞ்சும்.

வீடு

அவருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். மகள்களில் ஒருவர் சௌந்தரம். 1904இல் பிறந்தவர். வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள். கணவர் டாக்டர், பிளேக் நோய்க்கு இறந்துபோனார். அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில், இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை என்று சொல்லத் தேவையில்லை. சௌந்தரம் படிக்கப் போனார். டெல்லி லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டராக வெளியே வந்தார். 1940இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். காந்தி ஆசீர்வதித்த கல்யாணம். 1947இல் கணவனும் மனைவியும் சேர்ந்து திண்டுக்கல் பக்கம் சின்னாளப்பட்டியில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பஸ் கம்பெனி முதலாளியின் மகள் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார், பின்னால் மத்திய அமைச்சரவையிலும் துணை அமைச்சராக இருந்தார்.

மகன்களில் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகியோர் தொழிலைப் பங்கு போட்டு வளர்த்தார்கள். லாரி வாங்கத் தவணைக் கடன் தரும் சுந்தரம் ஃபைனான்ஸ் 1954இல் வந்தது. சக்கரம், பிரேக், மின்சாதனம் என்று ஃபேக்டரிகள் 1960களில் வந்தன. ஆனால் அதை எல்லாம் பார்க்க அவர் இல்லை. 1955 ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். வயது 78. பஸ் ரூட்டுகளை 1972இல் அரசு எடுத்துக்கொண்டது. மதுரையில் பாண்டியன், கும்பகோணத்தில் சோழன் என்று போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. அவர் ஆரம்பித்த தஞ்சாவூர்–புதுக்கோட்டை ரூட்டில் இப்போது ஓடும் அரசு பஸ்ஸில் அவர் பெயர் இல்லை.

மாமாவோட டயர்

இவ்வளவும் படிச்சுட்டு மறுபடியும் மாமாகிட்ட போனேன். இந்தத் தடவை டயர் பத்திப் பேசல. ரெண்டு நாள் அவரோட வண்டியில ஏறிச் சுத்தினேன். எங்கெங்கே தார், எங்கெங்கே மண்ணுனு நோட்டுல எழுதினேன். முக்கால்வாசிக்கு மேல நல்ல தார் ரோடு. சேறுன்னு சொல்லக்கூடியது வாய்க்கால் கரையும் களத்துமேட்டு வழியும்தான். அதுவும் அறுவடை நேரத்துல மழை பிடிச்சா மட்டும். நாலு சக்கரத்துக்கும் ஆல்-டெர்ரெய்ன் போட்டா, அந்தச் சில நாளுக்காக வருஷம் பூரா தார் ரோட்டுல சத்தத்தோடயும் கூடுதல் டீசலோடயும் ஓடணும்.

கடைசியா முடிவு இப்படி வந்தது. முன்னாடி ரெண்டும் நெடுக்கா கோடு போட்ட ரிப் டயர், ஸ்டியரிங் நேராப் போகவும் தார்ல தேயாம இருக்கவும். இழுக்கிற பின் சக்கரத்துக்கு, ஓரத்துல ஆழமான கட்டை உள்ள லக் டயர். பள்ளம் அகலமா இருந்தாத்தான் சுத்தும்போது களிமண் தானா உதிரும். ஒரே ஆக்ஸில்ல ரேடியலும் நைலானும் கலக்கக் கூடாது. லோடுக்குத் தகுந்த காத்து, அதுவும் வாரத்துக்கு ஒரு தடவை டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பார்க்கணும். மிச்சமான காசுல ஒரு நல்ல பிரஷர் கேஜ் வாங்கினார்.

வாய்க்கால் கரையில ஒரு இடத்துல வண்டி எப்பவும் சிக்கும். அந்தப் பள்ளத்துல மாமாவும் இன்னும் ரெண்டு லோடு வண்டிக்காரங்களும் சேர்ந்து ஒரு ட்ரிப் செங்கல் ஜல்லி கொட்டினாங்க. அவங்க ரோடு இல்ல அது. பள்ளத்தை வெட்டினதும் அவங்க இல்ல. சுந்தரம் அய்யங்கார் கதையை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அவங்களுக்கே தோணியிருக்கு.

டயர் முடிவு சரியா தப்பானு சம்பா அறுவடையிலதான் தெரியும். தப்புன்னா மாமா எனக்குப் போன் பண்ணுவார், அது நிச்சயம்.